செத்த எலிகளின் எடைக் கணக்கு: எம்.இ.ஆர்/29 மருந்தும், ஸ்டாட்டின் மேல் விழுந்த கண்புரைச் சந்தேகமும்

“கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டா கண்ணுல புரை விழுமாமே டாக்டர்?”

கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரைகளை எழுதித் தருகிற மருத்துவர்களிடம் நோயாளிகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. “அதெல்லாம் வதந்தி” என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. “எதுக்கும் வருஷம் ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கோங்க” என்று பட்டும் படாமலும் சொல்லி அனுப்புபவர்களும் உண்டு. இரண்டுமே பதில் இல்லை. இந்தச் சந்தேகம் சும்மா கிளம்பியதல்ல. ஸ்டாட்டின் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே, அமெரிக்காவில் ஒரு கொலஸ்ட்ரால் மருந்து நிஜமாகவே மனிதர்களின் கண்களில் புரையை வரவழைத்தது. அந்த மருந்து விலங்குகளின் கண்ணில் என்ன செய்கிறது என்பது தயாரித்த நிறுவனத்தின் கோப்புகளிலேயே இருந்தது. அந்த வழக்கைப் பிரித்துப் பார்க்காமல் இன்றைய மாத்திரையைப் பற்றி நியாயமாகப் பேச முடியாது என்பது என் எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மருந்து

1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அதன்பின் இதயநோய் நாடு முழுக்கப் பேச்சானது. கொலஸ்ட்ரால் என்ற சொல் ஆய்வகத்தைத் தாண்டிச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. ரத்தத்தில் அதைக் குறைக்க நல்ல மருந்து ஒன்றுகூடக் கையில் இல்லாத காலம். முதலில் கொண்டுவருபவருக்குச் சந்தை மொத்தமும் காத்திருந்தது.

ஓஹையோ மாநிலம் சின்சினாட்டியில் இருந்த வில்லியம் எஸ். மெர்ரல் நிறுவனம் அந்தப் பந்தயத்தில் முந்தியது. விக்ஸ் தைலம் விற்ற விக் கெமிக்கலின் கிளை நிறுவனம் அது. தாய் நிறுவனம் பிறகு ரிச்சர்ட்சன்-மெர்ரல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவர்கள் கண்டெடுத்த வேதிப்பொருளின் பெயர் டிரைபரனால். கடையில் எம்.இ.ஆர்/29. அனுமதி கேட்டு 1959-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம், அதாவது எஃப்.டி.ஏ.விடம், விண்ணப்பித்தார்கள். 1960 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது, ஜூனில் மருந்து விற்பனைக்கு வந்தது. ஒரு நாளைக்கு 250 மி.கி. வீதம், சுமார் 4 லட்சம் பேர் அதை விழுங்கினார்கள். உடம்பு கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதையே தடுக்கிற முதல் மருந்து என்பதுதான் விளம்பரத்தின் சாரம்.

அந்த விளம்பரம் பொய்யில்லை. சிக்கலே அதில்தான் இருந்தது. உடம்பு கொலஸ்ட்ராலை ஒரே தாவலில் செய்வதில்லை. ஏறத்தாழ முப்பது படிகள். வாய்க்காலில் தண்ணீர் வருவதை நிறுத்த இரண்டு வழி உண்டு. தலைமதகை இறக்கலாம். கடைமடையில் மண்ணைப் போட்டு அடைக்கலாம். முதல் வழியில் வாய்க்காலுக்குள் நீரே வராது. இரண்டாவதில் கடைசி வயலுக்கு வராது, ஆனால் மேலே முழுக்கத் தேங்கும். டிரைபரனால் அடைத்தது கடைமடையை. கடைசிப் படியில் டெஸ்மோஸ்டிரால் என்ற பொருள் கொலஸ்ட்ராலாக மாற வேண்டும். அந்த மாற்றத்தை மருந்து நிறுத்தியது. கொலஸ்ட்ரால் குறைந்த இடத்தில் டெஸ்மோஸ்டிரால் ஏறி உட்கார்ந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் டேனியல் ஸ்டைன்பெர்க் குழுவினர் 1960-லேயே இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். கொலஸ்ட்ராலையும் டெஸ்மோஸ்டிராலையும் சேர்த்துக் கூட்டினால், இறங்கியதாகச் சொன்ன அளவுக்கு எதுவும் இறங்கியிருக்கவில்லை. ஆக, கண் பிரச்சினை வெளியே வருவதற்கு முன்பே மருந்தின் பயனே கேள்விக்குறிதான்.

ஆய்வகம்

இனி வருவது பின்னாளில் நீதிமன்ற ஆவணங்களில் ஏறியவை. பியூலா ஜோர்டன் மெர்ரல் ஆய்வகத்தில் குரங்குகளைப் பார்த்துக்கொண்ட தொழில்நுட்ப உதவியாளர். மருந்து கொடுத்த ஒரு குரங்கு நோயுற்று இளைத்தது. 1959-ல், அந்தக் குரங்கின் பதிவுக்குப் பதிலாக மருந்தே கொடுக்காத ஆரோக்கியமான குரங்கின் விவரத்தைப் போட்டு, எடை ஏறுவதாக வரைபடம் தயாரிக்கும்படி மேலிடம் சொன்னது. அவர் மறுத்தார். கடைசியில் வேலையை விட்டுப் போனார். அப்போது யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. யாரிடம் கொடுப்பது?

எலிகளின் கதை இன்னும் மோசம். கலிஃபோர்னியாவில் டூல் என்பவர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1967-ல் எழுதிய தீர்ப்பில் ஒரு விவரம் வருகிறது: மருந்து கொடுத்துச் செத்துப்போன எலிகள் தொடர்ந்து உயிரோடு இருந்து மருந்தைச் சாப்பிட்டதாகக் காட்ட, அவற்றுக்கு உடல் எடை, உறுப்புகளின் எடை, ரத்தப் பரிசோதனை அளவுகள் என எல்லாவற்றையும் கற்பனையாக எழுதிச் சேர்த்திருந்தார்கள். செத்த எலி ஒரு கிராம் கூடியது என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். விலங்குகளின் கண்ணில் கண்ட மங்கலும் எஃப்.டி.ஏ.வுக்கு உள்ளபடி போகவில்லை.

எஃப்.டி.ஏ.விலும் எச்சரித்தவர் இருந்தார். மருந்தியல் பகுதியில் இருந்த கோல்டன்தால், அனுப்பிய தகவல்களிலேயே ஆபத்து தெரிகிறது, அனுமதிக்காதீர்கள் என்றார். அதையும் மீறித்தான் அனுமதி போனது. பொய்க் கணக்கை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப்படவில்லை. மூடி மறைத்ததற்கு அப்பாலும் தெரிந்ததைப் பார்த்த ஒருவரின் பேச்சு எடுபடவில்லை.

முடியும் தோலும் முதலில், கண் பிறகு

அமெரிக்காவின் பெயர்பெற்ற மருத்துவமனையான மேயோ கிளினிக்கில் ரிச்சர்ட் ஏக்கரும் தோல் மருத்துவர்களும் 1961-ல் தங்கள் நோயாளிகளிடம் விநோதமான மாற்றங்களைக் கண்டார்கள். தோல் வறண்டு மீன் செதில் போல் உரிந்தது. முடி கொட்டியது, மிஞ்சிய முடி நிறம் மாறியது. பிறகு அதே நோயாளிகளில் சிலருக்குக் கண்புரை. முதுமையில் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருகிற புரை அல்ல இது. இரண்டு கண்ணிலும், மாதக்கணக்கில் முற்றியது. மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்குப் புரை வந்தது என்பது கண் மருத்துவர்களைக் கலங்கடித்தது.

தோல், முடி, லென்ஸ் மூன்றும் ஏன் ஒன்றாகக் கெட்டன என்பதற்குக் கருவில் ஒரு விடை இருக்கிறது. கண்ணின் லென்ஸ், கருவின் மேல்தோலிலிருந்து உள்ளே மடிந்து பிரிந்த ஒரு சிறு உருண்டை. மேல்தோலுக்கும் முடிக்கும் அது உடன்பிறப்பு. தோல் மருத்துவர் முதலில் பார்த்ததும் கண் மருத்துவர் பிறகு பார்த்ததும் ஒரே வியாதி.

இதே 1961-ல் போட்டி நிறுவனமான மெர்க், டிரைபரனால் கொடுத்த விலங்குகளுக்குக் கண்புரை வருவதைத் தன் ஆய்வகத்தில் கண்டு மெர்ரலுக்குத் தெரிவித்தது. எஃப்.டி.ஏ.வுக்குள் ஜான் நெஸ்டர் என்ற மருத்துவர் மருந்தைத் திரும்பப் பெறச் சொல்லி வற்புறுத்தினார். மேலே இருந்தவர்கள் நடுவழி ஒன்றைத் தேர்ந்தார்கள்: டிசம்பரில் மருத்துவர்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். விற்பனை நிற்கவில்லை.

கடைசியில் கதவைத் திறந்தது அறிவியல் அல்ல, காரில் நடந்த ஒரு பேச்சு. பியூலா ஜோர்டனின் கணவரும், சின்சினாட்டியில் எஃப்.டி.ஏ. ஆய்வாளராக இருந்த தாமஸ் ரைஸும் சேர்ந்து ஒரே காரில் வேலைக்குப் போய்வருபவர்கள். 1962-ன் தொடக்கத்தில் ஒரு நாள், என் மனைவி அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தாள், அங்கே இப்படியெல்லாம் நடந்தது என்று கணவர் பேச்சுவாக்கில் சொன்னார். ரைஸ் வீட்டுக்குப் போய் ஜோர்டனிடம் நேரில் கேட்டார். ஏப்ரலில் ரைஸும் நெஸ்டரும் கோல்டன்தாலும் முன்னறிவிப்பில்லாமல் மெர்ரல் ஆய்வகத்துக்குள் நுழைந்து மூலப் பதிவேடுகளைக் கேட்டார்கள். அனுப்பியதும் இருந்ததும் ஒன்றல்ல. சில நாட்களில் எம்.இ.ஆர்/29 சந்தையிலிருந்து போனது.

இதே நிறுவனம்தான் அதே காலத்தில், கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கிய தூக்க மருந்தான தாலிடோமைடை அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டு எஃப்.டி.ஏ.வின் ஃபிரான்சஸ் கெல்சியை நெருக்கிக்கொண்டிருந்தது. கெல்சி அசையவில்லை. அந்தப் பெயர் சரித்திரத்தில் நின்றது. ஜோர்டனின் பெயர் மருந்தியல் படித்தவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது.

1963 டிசம்பரில் குற்றப்பத்திரிகை. 1964-ல் நிறுவனங்களும் மூன்று விஞ்ஞானிகளும் குற்றத்தை எதிர்த்து வாதாடவில்லை. அபராதம் மொத்தம் 80,000 டாலர். விஞ்ஞானிகளுக்குச் சிறை இல்லை; ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். உரிமையியல் நீதிமன்றங்களில் சுமார் 1,500 வழக்குகள் விழுந்தன; நாடெங்கும் இருந்த வழக்கறிஞர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொண்டு கூட்டாக நடத்தினார்கள். டூல் வழக்கில் நடுவர் குழு 1,75,000 டாலர் இழப்பீடும் 5 லட்சம் டாலர் தண்டனைத் தொகையும் விதித்தது. தண்டனைத் தொகை பிறகு 2,50,000 டாலராகக் குறைக்கப்பட்டது.

இழப்பீடு எதற்கு என்று புரிந்துகொள்ள, அன்றைய கண்புரை அறுவை என்ன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று கெட்ட லென்ஸை உறிஞ்சி எடுத்துவிட்டு அதே இடத்தில் செயற்கை லென்ஸை வைத்து, அன்றே வீட்டுக்கு அனுப்புகிறோம். 1962-ல் ஹரால்ட் ரிட்லியின் செயற்கை லென்ஸ் பிறந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தும் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் அதைத் தொடத் தயங்கினார்கள். லென்ஸை எடுத்தார்கள், அவ்வளவுதான். அதன்பின் சோடா பாட்டிலின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடி. உலகம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். கதவு நிலை வளைந்து தெரியும். பக்கத்திலிருந்து வருகிற ஆள் ஒரு கணம் காணாமல் போய் திடீரென்று முன்னால் முளைப்பார். கோப்பையைப் பிடிக்கக் கை நீட்டினால் கை வேறெங்கோ போகும். கொலஸ்ட்ரால் எண்ணைக் குறைக்க வந்தவர்களில் பலர் நடுவயதுக்காரர்கள். மீதி வாழ்நாள் முழுக்க அந்தக் கண்ணாடியோடு.

லென்ஸ் ஏன் மாட்டியது?

ஸ்லிட் லேம்பில், அதாவது கண் மருத்துவரின் விளக்கு பொருத்திய நுண்ணோக்கியில், ஒரு கண்ணைப் பாருங்கள். இருட்டறையில் கத்தி முனை போன்ற ஒளிக்கீற்றைச் சாய்வாகப் பாய்ச்சினால் லென்ஸ் குறுக்குவெட்டாகத் தெரியும்: வெங்காயம் போல அடுக்கு அடுக்காக. நடுவில் இருப்பது நாம் பிறப்பதற்கு முன் உருவான அடுக்கு. வெளியே இருப்பது இந்த வருடத்தது. பழைய செல் எதுவும் வெளியே போவதில்லை. புதியது அதன் மேல் போர்த்திக்கொள்கிறது. தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தச் செல்கள் தங்கள் உட்கருவைக்கூடத் துறந்துவிடுகின்றன. பழுது பார்க்க ஆள் கிடையாது.

உடம்பின் செல் சவ்வுகளிலேயே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக நிறைந்த சவ்வு லென்ஸ் செல்லின் சவ்வுதான். ஆனால் லென்ஸுக்கு ரத்தக்குழாய் இல்லை. ஈரலிலிருந்து கொலஸ்ட்ரால் அங்கே விநியோகமாவதில்லை. பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியை அடைத்தால், புது அடுக்கின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்மோஸ்டிரால் போய் உட்காருகிறது. பிறவியிலேயே கொலஸ்ட்ரால் தயாரிப்பின் கடைசிப் படிகளில் ஒன்று பழுதான ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோயிலும் சில குழந்தைகளுக்குக் கண்புரை வருகிறது. இயற்கையே அதே சோதனையைச் செய்து காட்டியது போல.

ஸ்டாட்டின் மேல் விழுந்த நிழல்

ஜப்பானில் அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். அது அடைப்பது தலைமதகை. முப்பது படிகளில் தொடக்கத்திலேயே வருகிற எச்.எம்.ஜி.-கோ.ஏ. ரிடக்டேஸ் என்ற நொதியை அது பிடித்து நிறுத்துகிறது. அங்கே தேங்குகிற பொருள் கொழுப்பு போல ஒட்டிக்கொண்டு கிடக்காது. உடம்பு வேறு வழியில் அதைச் செலவழித்துவிடும். வேதியியலின்படி இது டிரைபரனாலின் தம்பி அல்ல.

ஆனாலும் 1960களைக் கண்டவர்களுக்கு நம்பிக்கை எளிதில் வரவில்லை. மெர்க் நிறுவனத்தின் லோவாஸ்டாட்டின் விலங்குச் சோதனைக்குப் போனபோது, நாய்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 60 மி.கி. வீதம் ஒரு வருடம் கொடுத்ததில் கண்புரை வந்தது. மனிதருக்கான உச்ச அளவு நாளுக்கு 80 மி.கி.; 60 கிலோ ஆளுக்குக் கணக்கிட்டால் கிலோவுக்கு ஒன்றேகால் மி.கி. சொச்சம். இடைவெளி பெரிதுதான். ஆனால் இம்முறை நாய்களின் கண் விவரம் மருந்தோடு வரும் விளக்கச் சீட்டிலேயே அச்சானது. 1987-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்தபோது, மருந்து தொடங்கும்போதும் ஆண்டுதோறும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை வேண்டும் என்ற அறிவுரையும் கூடவே வந்தது. 8,245 பேரிடம் லோவாஸ்டாட்டினை 48 வாரம் சோதித்த எக்ஸெல் ஆய்வில் லென்ஸைக் குறிவைத்தே பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்த அறிவுரை பிறகு சீட்டிலிருந்து நீங்கியது.

48 வாரம் என்பது லென்ஸின் ஆயுளில் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் என்று எதிர்க்கேள்வி கேட்கலாம். கேட்டார்கள். அடுத்த இருபது வருடத்தில் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டன. அமெரிக்காவின் பீவர் டாம் ஊரில் நடந்த ஆய்வு 2006-ல் ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு லென்ஸின் நடுப்பகுதிப் புரை குறைவு என்றது: ஐந்து வருடத்தில் 12.2 சதவீதம், எடுக்காதவர்களில் 17.2. நான்கு வருடம் கழித்து இங்கிலாந்து, வேல்ஸ் பொது மருத்துவர்களின் பதிவுகளில் 20 லட்சம் பேரைப் பார்த்த ஆய்வு நேர் எதிராகச் சொன்னது: இதயநோய் வரும் ஆபத்து அதிகமுள்ள பெண்கள் 10,000 பேர் ஐந்து வருடம் ஸ்டாட்டின் எடுத்தால் 271 பேருக்கு இதய, ரத்தக்குழாய் நோய் தப்பும், 307 பேருக்குக் கூடுதலாகக் கண்புரை வரும். 2013-ல் அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் மருத்துவப் பதிவுகளில் ஏறத்தாழ 7,000 ஜோடிகளை ஒப்பிட்டதில் கண்புரை வாய்ப்பு 9 சதவீதம் அதிகம். 2014-ல் கனடா ஆய்வில் 27 சதவீதம் அதிகம்.

பதிவேட்டு ஆய்வுகளை நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் படிப்பேன். ஸ்டாட்டின் எடுப்பவர் யார்? சர்க்கரை நோய் உள்ளவர், வயதானவர், புகைத்தவர். இவை எல்லாமே கண்புரைக்குத் தனித்தனிக் காரணங்கள். அதோடு, மாத்திரை எடுப்பவர் மருத்துவமனைக்கு அடிக்கடி வருகிறார், ஒருவர் இன்னொருவரிடம் அனுப்புகிறார், கண்ணையும் பார்க்கிறார்கள், புரை பதிவாகிறது. வீட்டிலேயே இருப்பவரின் புரை யார் கணக்கிலும் ஏறாது.

அதனால் சீட்டுக் குலுக்கி இரண்டு அணியாகப் பிரித்த ஆய்வுகளுக்கு எடை அதிகம். அங்கும் ஒரே குரல் இல்லை. இதய வால்வு சுருங்கியவர்களுக்குச் சிம்வாஸ்டாட்டினும், எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மருந்தும் கொடுத்த சியாஸ் ஆய்வில் கண்புரை 44 சதவீதம் குறைவு. 21 நாடுகளில் 12,705 பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. அல்லது வெற்று மாத்திரை கொடுத்து ஐந்தரை வருடம் தொடர்ந்த ஹோப்-3 ஆய்வு 2016-ல் வெளியானது. அதில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் ஸ்டாட்டின் அணியில் 241 பேர், மற்ற அணியில் 194 பேர். 3.8 சதவீதம், 3.1 சதவீதம்.

இந்த எண்ணிடம்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஹோப்-3-ஐ நடத்தியவர்கள் புரையைத் தேடிப் போகவில்லை. எதிர்பாராமல் கண்ணில் பட்டது. எண்ணியது புரையை அல்ல, அறுவையை. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கொழுப்பில் கரையும் ஸ்டாட்டின்கள்தான் லென்ஸுக்குள் புகுந்து கெடுக்கும், நீரில் கரைபவை பாதுகாப்பு என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம் இங்கே நொண்டுகிறது. சிம்வாஸ்டாட்டின் கொழுப்பில் கரைவது, அதில் புரை குறைந்தது. ரோசுவாஸ்டாட்டின் நீர்ப்பக்கம் சாய்ந்தது, அதில் அறுவை கூடியது. அப்படி ஒரு தத்துவத்தை நம்பி ஒரு ஸ்டாட்டினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

மோசமான பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஹோப்-3-இன் வேறுபாடு முழுக்க நிஜம் என்றே வைத்தால், ஆயிரம் பேரில் ஐந்தரை வருடத்தில் ஏழு பேருக்குக் கூடுதலாக ஒரு கண்புரை அறுவை. அதே ஆய்வில் இதய, ரத்தக்குழாய் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்த கணக்கு 4.8-லிருந்து 3.7 சதவீதமாக இறங்கியது. ஆயிரத்தில் பதினொரு பேர் தப்பினார்கள். ஏழும் பதினொன்றும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான். ஆனால் தராசின் இரண்டு தட்டிலும் இருப்பது ஒரே பொருளா? 1962-ன் தடித்த கண்ணாடி ஒரு தட்டில் இருந்தால் நான் தயங்கியிருப்பேன். இன்று அந்தத் தட்டில் இருப்பது அரைமணி நேர அறுவை. இன்னொரு தட்டில் இருப்பதை அறுத்துச் சரிசெய்ய முடியாது. ஏற்கெனவே ஒரு முறை மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டாட்டினால் வரும் பயன் இதைவிடப் பெரிது. அவரிடம் புரையைச் சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்வது தவறு என்றே நினைக்கிறேன்.

இமை தொங்கினால்

புரையைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் கவனத்திலிருந்து நழுவுகிற இன்னொன்று இருக்கிறது. அரிது, ஆனால் காரணத் தொடர்பு வலுவானது. லென்ஸில் அல்ல, கண்ணைச் சுற்றியுள்ள தசையில்.

கண் மருத்துவர்கள் ஃபிரான்ஃபெல்டரும் ரிச்சர்ட்ஸும் 2008-ல் மருந்துப் பக்கவிளைவுப் பதிவகங்களிலிருந்து, ஸ்டாட்டின் எடுத்தவர்களில் இமை தொங்கல், இரட்டைப் பார்வை, கண் அசைவு முடக்கம் என 256 புகார்களைத் திரட்டினார்கள். மாத்திரை தொடங்கிச் சராசரியாக எட்டு மாதத்தில் தொல்லை வந்திருந்தது. 62 பேருக்கு நிறுத்தியதும் சரியானது. சிலருக்குத் திரும்பத் தொடங்கியதும் திரும்ப வந்தது. நிறுத்தினால் போய், தொடங்கினால் வருவது என்பது எந்தச் சதவீதத்தையும் விட அழுத்தமான சாட்சி. 2023-ல் ஐரோப்பிய மருந்து முகமை, ஸ்டாட்டின்கள் மிக அரிதாக மயஸ்தீனியா கிராவிஸ் நோயைப் புதிதாகத் தூண்டலாம், இருப்பதை மோசமாக்கலாம் என்று சீட்டில் சேர்க்கச் சொன்னது. பிரிட்டன் அதே வருடம் பின்பற்றியது.

நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை தாவுகிற இடைவெளியில் நோய் எதிர்ப்பு சக்தி குறுக்கே நிற்பதுதான் மயஸ்தீனியா. அது பெரும்பாலும் கண்ணில்தான் தொடங்கும். காலையில் எழுந்ததும் இமை நேராக இருக்கும். மாலைக்குள் ஒரு பக்கம் இறங்கும். படிக்கப் படிக்க எழுத்து இரண்டாகும். ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறையும். இப்படி வருபவரை ஒரு நிமிடம் கூரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தாங்கிப் பிடித்த இமை, ஏற்றிய ஜன்னல் திரை கயிறு தளர்ந்தது போல மெல்ல வழுக்கி இறங்கும். பிறகு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். இமை இரண்டு மில்லிமீட்டராவது உயர்ந்து நின்றால், மயஸ்தீனியாவைத் தீவிரமாகச் சந்தேகிக்கலாம். குளிரில் அந்தச் சந்திப்பு கொஞ்ச நேரம் நன்றாக வேலை செய்கிறது. ஸ்டாட்டின் எடுப்பவர் என்றால் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் இது. கொலஸ்ட்ராலைக் குறைக்க எசெட்டிமைப் போன்ற வேறு வழிகள் உண்டு.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். இமை தொங்கலோடு கண்ணின் பாவை ஒரு பக்கம் விரிந்திருந்தால், அல்லது கடும் தலைவலி இருந்தால், ஐஸ் கட்டிக்கு நேரமில்லை. மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருக்கலாம், உடனே அவசரப் பிரிவு. அதேபோல், ஒரு கண்ணில் திரை விழுந்தது போலச் சில நிமிடம் பார்வை மறைந்து திரும்பினால், அது கொலஸ்ட்ரால் மாத்திரையின் வேலை அல்ல. கழுத்து ரத்தக்குழாயிலிருந்து கொழுப்புத் துணுக்கு கிளம்பிக் கண்ணுக்குப் போயிருக்கலாம். ராபர்ட் ஹாலன்ஹார்ஸ்ட் 1961-ல் விழித்திரை நாளத்தில் மினுக்கும் மஞ்சள் துகளாக விவரித்தது அதைத்தான். அந்த நேரத்தில் பயந்து ஸ்டாட்டினை நிறுத்துவது, தீப்பிடித்த வீட்டில் தண்ணீரை நிறுத்துவது.

கொலஸ்ட்ரால் மருந்து என்று ஒரே பையில் போட்டுப் பேசுவதும் தவறு. அதிக அளவு நியாசின் விழித்திரையின் நடுவில் வீக்கத்தை உண்டாக்கும். 1973-ல் டொனால்ட் காஸ் இதை விவரித்தார், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். ஃபீனோஃபைப்ரேட்டோ எதிர்த்திசையில் நிற்கிறது: 9,795 சர்க்கரை நோயாளிகளின் ஃபீல்ட் ஆய்வில் விழித்திரைக்கு லேசர் தேவைப்பட்டவர்கள் 4.9-லிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தார்கள். ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் நடந்த லென்ஸ் என்ற பெயர் கொண்ட ஆய்வு 2024-ல் அதை உறுதி செய்தது. லென்ஸ் என்ற பெயரில் விழித்திரை ஆய்வு. பெயர் வைத்தவர் குறும்புக்காரர் போலும்.

டிரைபரனால் இன்றும் உலகில் இருக்கிறது, மாத்திரையாக அல்ல. ஆய்வகங்களில் வேண்டுமென்றே கண்புரையை உண்டாக்கிப் பார்க்க எலிகளுக்குக் கொடுத்தார்கள். அப்போது தெரிந்த ஒன்று: மருந்தை நிறுத்தியதும் எலியின் லென்ஸ் மெல்ல மெல்லத் தெளிந்துவிடுகிறது. மனிதக் கண்ணுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. எம்.இ.ஆர்/29 விழுங்கியவர்களில் சிலருக்கு, அது கடைகளிலிருந்து போய் மாதங்கள் ஆன பிறகும் புரை வளர்ந்துகொண்டிருந்தது.